ஒரு கவளம் சோறு

விரலை மடக்கவும் நீட்டவும் செய்கிற தசை எதுவும் விரலுக்குள் இல்லை. எலும்பு இருக்கிறது, மூட்டு இருக்கிறது, தோலுக்கடியில் கொஞ்சம் கொழுப்பும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன. விரலை அசைக்கும் தசைகளில் பெரியவை முன்கையில் இருக்கின்றன, சிறியவை உள்ளங்கையில். நம்பிக்கை வராவிட்டால் இடக்கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியக் கட்டைகளை அழுத்துவதாக நினைத்து வலக்கை விரல்களை அசையுங்கள். விரல் அசைவது ஓரிடத்தில், தசை துள்ளுவது ஒரு சாணுக்கு அப்பால்.

இந்த ஏற்பாட்டால் நமக்குப் பெரிய லாபம். இத்தனை தசையும் விரலுக்குள்ளேயே இருந்திருந்தால் விரல்கள் பருத்துப்போயிருக்கும். அரிசியில் கல் பொறுக்குவதும், ஊசியில் நூல் கோப்பதும், மீனில் முள் எடுப்பதும் நடக்காது. வலு தூரத்தில் இருக்கிறது, அதனால்தான் விரல் மெலிந்து நுணுக்கமாக இருக்க முடிகிறது.

சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் இடுவதை நாம் யாரும் ஒரு திறமையாக எண்ணுவதில்லை. குழந்தை தட்டைச் சுற்றி இறைத்துக்கொண்டு தொடங்கும், சில ஆண்டுகளில் தேறிவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டே, யோசித்துக்கொண்டே, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம், கை தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் உடல் அசைவைப் பற்றி அறிவியல் இருநூறு ஆண்டுகளாகத் தேடிக் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு கவளத்துக்குள் இருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

முன்கையின் உட்புறத்தில், விரல்களை மடக்கும் தசைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. மேலடுக்குத் தசையிலிருந்து நான்கு தசைநாண்கள் கிளம்பி, கட்டைவிரல் தவிர்த்த நான்கு விரல்களின் நடு எலும்பில் போய் ஒட்டுகின்றன. கீழடுக்குத் தசையின் நாண்கள் நுனி எலும்புவரை போயாக வேண்டும், ஆனால் வழியில் மேலடுக்கு நாண் நிற்கிறது. இதற்கு உடல் கண்ட தீர்வு அழகானது. மேலடுக்கு நாண் ஒவ்வொரு விரலிலும் இரண்டாகப் பிளந்து வழிவிடுகிறது, கீழடுக்கு நாண் அந்தப் பிளவின் நடுவே நுழைந்து நுனிக்குப் போகிறது. நாண்கள் எலும்பை விட்டு விலகிப் புடைக்காமல் இருக்க, சைக்கிள் பிரேக் கம்பி உறைக்குள் ஓடுவதுபோல, அவை வழவழப்பான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறையை ஆங்காங்கே உறுதியான நார்வளையங்கள் எலும்போடு கட்டிவைத்திருக்கின்றன.

முன்கையின் வெளிப்புறத்தில் விரல்களை நீட்டும் தசைகள். இவற்றின் நாண்கள் புறங்கையில் தோலுக்கடியில் வரிவரியாகத் தெரியும், ஒன்றோடொன்று சிறு இணைப்புகளும் உண்டு. உள்ளங்கை மேசையில் படும்படி கையை வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்பக்கமாக மடித்து அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்கலாம், ஆள்காட்டி விரலைத் தூக்கலாம், சுண்டுவிரலைக்கூடத் தூக்கிவிடலாம். மோதிர விரல் மட்டும் மேசையோடு ஒட்டிக்கொண்டதுபோல் கிடக்கும். அதில் குறை எதுவும் இல்லை. மடங்கிய நடுவிரல், இரண்டுக்கும் பொதுவான அந்த இணைப்பின் வழியே, மோதிர விரலின் நாணைப் பிடித்துவைத்திருக்கிறது. வீணையும் பியானோவும் பழகுகிறவர்கள் மோதிர விரலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சோதனை. மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு, அதே நிலையில் கையை இறுக மூடிப் பாருங்கள். முடியாது, பிடி தளர்ந்துபோகும். மடக்கும் தசை ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் இனி இழுக்க அதற்கு நீளம் மிச்சமில்லை. அதனால்தான் எதையாவது பற்றும்போதெல்லாம், நாம் கேட்காமலேயே, மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கும் தசைகளும் சேர்ந்து இயங்குகின்றன. உள்பக்கம் இழுக்கும் வேலைக்கு வெளிப்பக்கத் தசைகள் காவல் நிற்கின்றன. எந்த அசைவை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஒரு தசை இழுத்தால் எதிர்த் தசை விட்டுக்கொடுக்க வேண்டும், பக்கத்துத் தசை அசையாமல் தாங்க வேண்டும்.

இனி கவளத்துக்கு வருவோம். சோற்றை அள்ளிப் பிடித்த கையைக் கவனித்துப் பாருங்கள். நான்கு விரல்களும் அடி மூட்டில், அதாவது விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில், மடங்கியிருக்கின்றன. ஆனால் அதற்கு மேலே உள்ள மூட்டுகள் ஏறத்தாழ நேராக இருக்கின்றன. கட்டைவிரல் எதிரே வந்து நிற்கிறது. முன்கைத் தசைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நிலையைக் கொண்டுவரவே முடியாது. மடக்கும் தசை இழுத்தால் விரல் நுனியிலிருந்து சுருண்டுவிடும், நீட்டும் தசை இழுத்தால் அடி மூட்டு பின்னுக்குப் போய்விடும். அடியில் மடங்கி நுனியில் நேராக நிற்பதற்கு உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் வேண்டும்.

அவற்றில் லம்ப்ரிகல் என்ற நான்கு தசைகளை நான் மிகவும் மதிக்கிறேன். பென்சிலைவிட மெலிந்தவை. உடலில் உள்ள எலும்புத் தசைகள் பெரும்பாலும் ஓர் எலும்பில் தொடங்கி இன்னோர் எலும்பில் முடியும். இவை இரு முனையிலும் எலும்பைத் தொடுவதில்லை. மடக்கும் நாணிலிருந்து கிளம்பி, விரலின் பக்கவாட்டில் ஏறி, நீட்டும் நாணோடு கலந்துவிடுகின்றன. ஒரே தசை சுருங்கும்போது விரலின் அடி மூட்டு மடங்குகிறது, மேல் மூட்டுகள் நிமிர்கின்றன. கையெலும்புகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் எலும்பிடைத் தசைகள் இதே வேலையை இன்னும் வலுவாகச் செய்கின்றன, விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும்கூட அவைதான். கட்டைவிரலின் அடியில் சதைப்பற்றாகத் தெரியும் மேட்டில் உள்ள தசைகள் அதை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துகின்றன.

கவளம் உருண்டதும் முழங்கை மடங்குகிறது, உள்ளங்கை வாயை நோக்கித் திரும்புகிறது. மேல்கையின் இருதலைத் தசை இவ்விரண்டையுமே செய்யும். கடைசியாகக் கட்டைவிரல், நான்கு விரல்களின் மேல் இருக்கும் சோற்றைப் பின்னாலிருந்து தன் நகப்பக்கத்தால் வாய்க்குள் தள்ளுகிறது. அதற்கு உதவுவது முன்கையின் பின்புறத்தில் இருக்கும் நீட்டும் தசை. கட்டைவிரலை நன்றாகப் பின்னுக்கு விரித்தால் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாண் புடைத்துத் தெரியுமே, அதுதான்.

இத்தனை தசைகளுக்கும் ஆணை எங்கிருந்து வருகிறது? பெருமூளையின் மேற்பரப்பில் அசைவுக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. அதில் முதுகுக்கும் வயிற்றுக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கும் இடத்தைவிடக் கைக்குக் கிடைத்திருப்பது மிக அதிகம். வலக்கைக்கான ஆணை இடப்பக்க மூளையில் கிளம்பி, மூளையின் அடித்தண்டில் பக்கம் மாறி, கழுத்தில் உள்ள தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் இயக்க நரம்பணுக்கள் அதை வாங்கித் தசைக்கு அனுப்புகின்றன. கழுத்துக்குள் இருக்கும் ஓர் உயிரணுவின் இழை, அறுபடாமல், ஒரே இழையாக, தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி உள்ளங்கைவரை நீண்டிருக்கிறது. உடல் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனது என்று படித்துப் பழகிய நமக்கு, ஒரு மீட்டரை நெருங்கும் நீளமான உயிரணு என்பது யோசிக்க யோசிக்க வியப்பாகவே இருக்கிறது.

இந்த ஆணை எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை ஒருகாலத்தில் அளக்கவே முடியாது என்று நம்பினார்கள். உடலியலின் பேராசானாக இருந்த யோகானஸ் முல்லர் அப்படித்தான் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில், தவளையின் கால் தசையையும் அதன் நரம்பையும் வைத்து அளந்துவிட்டார். நரம்பைத் தசைக்கு அருகில் தூண்டினால் எவ்வளவு நேரத்தில் தசை துடிக்கிறது, தொலைவில் தூண்டினால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, இரண்டுக்குமான வித்தியாசத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். ஏறத்தாழ நொடிக்கு 27 மீட்டர். மின்னலுக்கு ஒப்பிட்டுப் பேசப்பட்ட நரம்புச் செய்தி, ஓடும் ரயிலைவிட அப்படியொன்றும் வேகமில்லை என்று தெரிந்தபோது பலருக்கும் ஏமாற்றம். மனிதக் கையின் இயக்க நரம்புகளில் இது நொடிக்கு 50, 60 மீட்டர். மூளையிலிருந்து கைத் தசைக்கு ஆணை வந்துசேர ஏறத்தாழ 20 மில்லிநொடி ஆகிறது.

நரம்பு தசையைத் தொட்டும் தொடாமலும் முடிகிறது. நடுவில் மிக நுண்ணிய ஓர் இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டுவதில்லை. நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது, அது தசையின் பரப்பில் உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் தசை விழித்துக்கொள்கிறது. இந்த இடைவெளி எவ்வளவு முக்கியமானது என்பதை நம் ஊர்ப் பாம்புகள் நன்றாக அறிந்திருக்கின்றன. நல்ல பாம்பின் நஞ்சில் உள்ள ஒரு புரதம் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு இன்னும் ஒரு படி போய் நரம்பு நுனியையே சிதைக்கிறது. கடிபட்டவருக்கு நினைவு இருக்கும், கேட்கும், புரியும். ஆனால் முதலில் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசையும் நின்றுபோகும். கட்டுவிரியன் சிதைத்த நரம்பு நுனி மறுபடி வளரும்வரை வென்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். உரிய நேரத்தில் அப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் முழுமையாகத் தேறி வருகிறார்கள்.

விழித்துக்கொண்ட தசைக்குள் என்ன நடக்கிறது? 1954-இல் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில், அடுத்தடுத்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்ல. இரு குழுக்களும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தன. தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் இழைகள் சுருங்குவதில்லை. ஆக்டின், மையோசின் என்ற இருவகை இழைகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகின்றன. மையோசினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நுண் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றி இழுக்கின்றன.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த ‘விட்டு’ என்ற இடத்தை. ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வந்து சேர்ந்தால்தான் மையோசின் தன் பிடியை விடும். ஏடிபி தீர்ந்துபோனால் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதன் காரணம் இதுதான். வேலை செய்வதற்கு ஆற்றல் வேண்டும், ஓய்வுக்கு எதுவும் வேண்டாம் என்று நாம் நினைக்கிறோம். தசைக்குப் பிடியை விடவும் ஆற்றல் வேண்டும்.

வலுவை அளந்து செலவழிக்கும் முறையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்பளத்தை நொறுக்காமல் எடுப்பதும் தேங்காயைப் பற்றுவதும் ஒரே கைதான். ஓர் இயக்க நரம்பணு ஒரே ஒரு தசை நாரோடு மட்டும் தொடர்பு வைத்திருப்பதில்லை. அதன் இழை நுனியில் கிளை கிளையாகப் பிரிந்து பல தசை நார்களைத் தொடுகிறது. நரம்பணு ஆணையிட்டால் அத்தனை நார்களும் சேர்ந்து இழுக்கும், பாதி இழுப்பது என்பது இல்லை. லம்ப்ரிகல் தசையில் ஒரு நரம்பணுவின் கீழ் ஏறத்தாழ நூறு நார்கள். கெண்டைக்கால் தசையில் ஏறத்தாழ ஈராயிரம். நடக்கவும் குதிக்கவும் கெண்டைக்கால் மொத்தமாக இழுத்தால் போதும். சோற்றில் கிடக்கும் கறிவேப்பிலையை ஒதுக்குகிற விரலுக்குச் சிறு சிறு அளவாகக் கூட்டவும் குறைக்கவும் தெரிய வேண்டும். மூளை எப்போதும் சிறிய அலகுகளை முதலில் அழைக்கிறது, தேவை கூடக் கூடப் பெரியவற்றை அழைக்கிறது. எல்வுட் ஹென்னமன் கண்டறிந்த இந்த ஒழுங்கு உடலின் தசைகளில் ஏறத்தாழ எல்லா இடத்திலும் பொருந்துகிறது.

போலியோ இந்த அலகுகளைத்தான் தாக்கியது. தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை அந்தக் கிருமி கொன்றுபோட்டது. ஆதரவற்றுப்போன தசை நார்களைப் பக்கத்தில் பிழைத்திருந்த நரம்பணுக்கள் புதுக்கிளை விட்டுத் தத்தெடுத்துக்கொண்டன. அதனால்தான் பலருக்கு ஓரளவு வலு திரும்பியது. ஆனால் ஒரு நரம்பணுவின் கீழ் முன்பைவிடப் பல மடங்கு நார்கள் சேர்ந்துவிட்டதால், பழைய நுணுக்கம் அதே அளவுக்குத் திரும்பவில்லை. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இன்று நடுவயதிலும் முதுமையிலும் நம்மோடு இருக்கிறார்கள். அத்தனை ஆண்டுகள் கூடுதல் சுமை இழுத்த நரம்பணுக்கள் இப்போது களைத்து, சிலருக்குப் புதிதாகப் பலவீனம் தலைகாட்டுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் மூளையிலிருந்து கைக்கு வரும் பாதை. கையிலிருந்து மூளைக்குப் போகும் பாதை இல்லாவிட்டால் இது எதற்கும் பயனில்லை. உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த ஒரு கையின் உட்புறத் தோலில் தொடுகையை உணரும் நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 இருக்கின்றன. ஸ்வீடனின் உமியோ நகரில் ரோலண்ட் யோகான்சனும் ஆகே வால்போவும் 1979-இல் வெளியிட்ட கணக்கு அது. விரல் நுனியில்தான் நெருக்கம் அதிகம். பிறகு யோகான்சன், சிறு பொருள்களை விரலால் தூக்கவைத்துப் பார்த்தார். ஒரு முறை பட்டுத்துணி ஒட்டிய பொருள், ஒரு முறை உப்புத்தாள் ஒட்டிய பொருள். எடை ஒன்றுதான். ஆனால் விரல்கள் வழுக்கும் பட்டை இறுக்கியும் சொரசொரப்பான தாளைத் தளர்வாகவும் பிடித்தன. இரண்டு முறையும் நழுவாமலிருக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் மட்டும் கூடுதலான அழுத்தம். பொருள் இம்மி நழுவினாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பிடி இறுகியது, தூக்கியவருக்கே அது தெரியாது. விரல் நுனிகளை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த பிறகு, பெட்டியிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து உரசச் சொன்னபோது, சில நொடி வேலை பல மடங்கு நேரம் இழுத்தது. தசைகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. விரல்கள் மட்டும் தடுமாறின, குச்சியை நழுவவிட்டன.

தோலின் உணர்வு ஒன்று. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது அதனால்தான். இயான் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயர் 1971-இல், தன் 19-வது வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இவ்விரண்டையும் இழந்தார். வலியும் சூடும் தெரிந்தன. தசைகளுக்கு ஆணை போகும் நரம்புகளும் கெடவில்லை. ஆனாலும் அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் திட்டமிட்டு, பெரும் உழைப்பில் நடக்கவும் எழுதவும் மறுபடி கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் நிலை தடுமாறுவார், ஏனென்றால் அவருடைய உடல் எங்கே இருக்கிறது என்று சொல்லக் கண்ணைவிட்டால் அவருக்கு வேறு துணை இல்லை.

கைக்கு வரும் நரம்புகள் மூன்று. ரேடியல் நரம்பு மேல்கையில் எலும்பைப் பின்னால் சுற்றி ஆழமாக ஓடி, மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் தசைகளுக்குப் போகிறது. மீடியன் நரம்பு முன்கையின் நடுவே இறங்கி, மடக்கும் தசைகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொண்டு, மணிக்கட்டில் ஒன்பது நாண்களோடு ஒரு குறுகிய பாதையில் நெருக்கியடித்து நுழைகிறது. அங்கே வீக்கம் வந்தால்தான் இரவில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. மூன்றாவது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால், தோலுக்கு நேர் கீழே ஓடுகிறது. கதவில் முழங்கையை இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல்வரை சுரீரென்று பாய்வது அந்த நரம்பு நசுங்குவதால்தான். எலும்பிடைத் தசைகள் முழுவதும், லம்ப்ரிகல்களில் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரியவையும் இதன் பொறுப்பு.

நரம்புகள் தோலுக்கு அருகில் ஓடும் இந்த இடங்களை நன்கு தெரிந்துவைத்திருந்த எதிரி ஒன்று உண்டு. 1873-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி. உடலின் உள்வெப்பம் அதற்கு ஒத்துவராது, சற்றுக் குளிர்ந்த இடங்களில்தான் பெருகும். அதனால் முழங்கைக்கு அருகில் அல்நார் நரம்பையும், மணிக்கட்டுக்கு அருகில் மீடியன் நரம்பையும் தாக்குகிறது. ஆழத்தில் ஓடும் ரேடியல் நரம்பு பெரும்பாலும் தப்பித்துவிடும். உள்ளங்கையின் சிறு தசைகள் செத்துப்போகின்றன, முன்கையின் பெரிய தசைகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. விளைவு என்னவாக இருக்கும் என்று இதுவரை படித்த வாசகரே சொல்லிவிடலாம். விரல்கள் அடி மூட்டில் பின்னுக்குப் போய், மேல் மூட்டுகளில் சுருண்டு நிற்கும். கட்டைவிரல் எதிரே வராது. அதாவது, கவளம் பிடிக்கும் நிலைக்கு நேர் எதிரான நிலை.

இத்தகைய கைகளைச் சரிசெய்த பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். மிஷனரிப் பெற்றோரின் மகன். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே விரல்கள் சுருண்டுபோன ஒருவரிடம், என் கையை அழுத்துங்கள் என்றார் பிராண்ட். செயலற்றுத் தெரிந்த அந்தக் கையின் பிடி அவருக்கு வலிக்கும் அளவுக்கு இறுகியது. தொழுநோயில் கை முழுவதும் பாழாகிவிடும் என்று அதுவரை மருத்துவ உலகமே நம்பியிருந்தது. அந்தப் பிடி வேறு சொன்னது: முன்கைத் தசைகள் வலுவோடு இருக்கின்றன, வலுவுக்குப் பஞ்சமில்லை, அதைச் சரியான இடத்துக்குத் திருப்பத்தான் ஆள் இல்லை.

பிராண்ட் அதைத் திருப்பினார். நடுவிரலை மடக்கும் இரண்டு நாண்களில் ஒன்றை எடுத்து, அதை நான்காகக் கிழித்து, லம்ப்ரிகல் போகும் அதே பாதையில் நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தார். பிறகு மணிக்கட்டை நீட்டும் தசைகளில் ஒன்றைப் பயன்படுத்தும் முறையையும் உருவாக்கினார். அந்தத் தசைக்கு ஆணை தருவது ரேடியல் நரம்பு, நோய்க்குத் தப்பித்த நரம்பு. மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் நோயாளிக்கு விசித்திரமான ஒரு பாடம் தொடங்கும். நடுவிரலை மடக்குவதாக நினையுங்கள் என்பார்கள். அவர் நினைப்பார், நான்கு விரல்களும் அடி மூட்டில் மடங்கும், நுனிகள் நேராக நிற்கும். நாள் போகப் போக அப்படி நினைக்கவும் தேவையிருக்காது. பல ஆண்டுகளாக ஒரு வேலைக்குப் பழகிய மூளை, அதே தசையைப் புது வேலைக்குப் பழக்கிக்கொள்ளும். அறுவைக் கத்தி நாணை மட்டுமே இடம் மாற்றியது, மிச்சத்தை மூளைதான் செய்தது. இந்தக் கை அறுவைகளைச் செய்தவர்களில் மேரி வர்கீஸும் ஒருவர். 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அந்த மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிறர் கைகளைச் சரிசெய்தார்.

ஆனால் உணர்வை எந்த அறுவையாலும் திருப்பித் தர முடியவில்லை. விரல்கள் குட்டையாகிக் கரைந்துபோவது ஏன் என்ற கேள்விக்கு, நோய் சதையை அழுகவைக்கிறது என்பதே பழைய பதில். பிராண்ட் அதை ஏற்கவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்கப் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, நோயால் உணர்விழந்த ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் விரல்கள் எப்படிக் குறைகின்றன என்று கவனித்தபோது, தூங்குகிறவர்களின் விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. அதன் பிறகு நோயாளிகள் பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். சூடான டம்ளர், அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரம், கரடுமுரடான கடப்பாரைப் பிடி, இவைதான் விரல்களைத் தின்றுகொண்டிருந்தன. கிருமி செய்தது வலியை அணைத்தது மட்டும். நாம் வலியை எதிரியாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். வலி இல்லாத கை சில ஆண்டுகளில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பதை வேலூரில் கண் முன்னால் பார்த்த பிராண்ட், வலியை ஒரு கொடை என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார், பேசினார். பாவத்தின் தண்டனை என்றும், அழுகும் உடல் என்றும் சொல்லித் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மனிதர்களின் கைகளில் இருந்தது நரம்புக் கோளாறு, அவ்வளவுதான். அந்த அநீதிக்கு இந்த உண்மை மிகத் தாமதமாக வந்தது.

உணர்வைத் திருப்பித் தர முடியாததால், வேலூரில் நோயாளிகளுக்குக் கண்ணால் கையைக் காக்கக் கற்றுக்கொடுத்தார்கள், வாட்டர்மன் கண்ணால் நடக்கக் கற்றதுபோலவே. மாலையில் ஒவ்வொரு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, சிவந்த இடம் இருந்தால் அந்தக் கைக்கு ஓய்வு தருவது, கருவிகளுக்கு அகலமான மரப்பிடி போடுவது.

1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகள் தொழுநோயைக் குணப்படுத்துகின்றன, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்நோய் முற்றாக ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் வருகிறார்கள். மருந்து கிருமியைக் கொல்லும், செத்துப்போன நரம்பை எழுப்பாது. ஆனால் நரம்பு செயலிழக்கத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தால் பலருக்கு வலு திரும்புகிறது. உணர்வில்லாத, வெளிறிய அல்லது சிவந்த ஒரு தேமல் முதல் அறிகுறியாக இருக்கலாம். கையில் பார்க்க வேண்டியது சுண்டுவிரலை. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, சுண்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கி விரித்து, அப்படியே பிடித்திருக்கச் சொல்வார்கள். சுகாதாரப் பணியாளர் தன் விரலால் அதை உள்ளே தள்ளிப் பார்ப்பார். எதிர்த்து நிற்க வேண்டிய விரல் சும்மா மடங்கிக்கொடுத்தாலோ, இரண்டு விரல்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்த காகிதம் லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டாலோ, அல்நார் நரம்பு இடருக்குள்ளாகியிருக்கிறது என்று பொருள். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை, சோறு பிசைய முடியாமல் போவதற்குப் பல மாதங்கள் முன்பே கோளாற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.